மனிதக் கடிகாரம்

அந்தோணியின் பைக்கில், பின்பக்க நம்பர் பிளேட்டுக்கு மேலே, ‘மனிதக் கடிகாரம்’ என்று மஞ்சள் எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒட்டியது வேறு யாருமில்லை, அவனேதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஆள் எதற்காகத் தன்னைக் கடிகாரம் என்று சொல்லிக்கொள்கிறான் என்று கேட் வாட்ச்மேனுக்கு ரொம்ப நாளாகக் குழப்பம். “இன்னா தம்பி, வாட்ச் ரிப்பேர் கட எதுனா வெச்சிக்கிறியா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டார். அந்தோணி ஹெல்மெட்டைக் கழற்றாமலே சிரித்துவிட்டு வண்டியை உள்ளே விட்டான். பெரிய திறமைசாலிகளை அவர்கள் வேலை செய்கிற இடத்தில் யாரும் மதிப்பதில்லை என்று அவன் எங்கோ படித்திருந்தான்.

அந்தோணி ‘செகண்ட் ஷிப்ட்’ என்கிற ராக் பேண்டின் டிரம்மர். பேண்டில் மொத்தம் நாலு பேர். பாட்டும் கிட்டாரும் ஜெபா. ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டுகிறவன். கீபோர்டு சுகிர்தா, பெயிண்ட் கம்பெனி லேபில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவுக்கும் அவள்தான் வாசிக்கிறாள். பேஸ் கிட்டார் கோபால். எலக்ட்ரீஷியன், வாயைத் திறந்தால் ஃபியூஸ் போய்விடும் என்பதுபோல இருப்பான். நாலு பேரும் ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆட்கள். வேலை முடிந்து சாயங்காலம் கூடி வாசிப்பதால் பேண்டுக்கு அந்தப் பெயர்.

அவர்கள் வாசிப்பது நியூ வேவ். அப்படியென்றால் என்ன என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் ஜெபா எண்பதுகளில் தொடங்குவான். இங்கிலாந்தில் மூடிய தொழிற்சாலைகள், வேலையில்லாத பையன்கள், மலிவு விலைக் கீபோர்டு என்று நீண்டுகொண்டே போவான். அந்தோணியின் விளக்கம் சுருக்கமானது. “பாடுறவனுக்கு ஜலதோசம் புடிச்சா மாறி இருக்கணும். டிரம்மு மெஷின் மாறி இருக்கணும். அவ்ளோதான்.” ஜலதோஷக் குரல் ஜெபாவுக்குப் பிறவியிலேயே அமைந்தது. மெஷினுக்குத் தன்னை விட்டால் இந்த வட்டாரத்தில் ஆளில்லை என்பது அந்தோணியின் முடிவு. பேண்டில் மற்ற மூவரும்கூட அதை நம்பினார்கள். ரெண்டு வருஷமாக அவன் தாளம் ஒரு நூல்கூட நகர்ந்ததில்லை.

பிராக்டிஸ் நடந்த இடம் சிப்காட் ஓரத்தில் ஒரு பழைய குடோன். ஒரு பக்கச் சுவர் பக்கத்து பிரஸ் ஷாப்புக்கும் பொதுச் சுவர். அங்கே தகட்டில் வாஷர் அடிப்பார்கள். மெஷின் இறங்கும்போதெல்லாம் ‘தட்’ என்று ஒரு சத்தம் சுவர் வழியாக வந்து, தரையில் ஏறி, அவர்கள் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வரைக்கும் வரும். முதல் வாரம் அதைப் பேஜாரு என்று திட்டினார்கள். பிறகு அது காதில் விழுவதே நின்றுபோனது.

ரெண்டு வருஷ உழைப்பில் எட்டுப் பாட்டு தேறியது. முதல் ஆல்பம். பெயர் ‘கேட் பாஸ்’. வளசரவாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் அடுத்தடுத்த ரெண்டு ஞாயிற்றுக்கிழமை இடம் கிடைத்தது. முதல் ஞாயிறு காலையில் அந்தோணி தன் ஸ்னேர் டிரம்மை அரிசிப் பையில் கட்டிக்கொண்டு மற்ற மூவரோடு ரயில் ஏறினான். பொன்னேரியில் ஏறிய ஒருவர், பையில் என்ன பலாப்பழமா என்று விசாரித்தார். “டிரம்மு சார். ஆல்பம் ரெக்கார்டிங் போய்க்கினு இருக்கோம்” என்று அந்தோணி பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னான். அவர் அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்டுடியோ இன்ஜினியர் மோகன்ராஜ் நல்ல பையன். எல்லாரையும் ‘ப்ரோ’ என்றான், சுகிர்தாவையும் சேர்த்து. டிரம்ஸுக்கு மைக் எல்லாம் வைத்து முடித்து, “ப்ரோ, ஹெட்போன்ல க்ளிக் போடவா?” என்று கேட்டான். க்ளிக் என்பது தாளம் தவறாமல் இருப்பதற்காக வாசிப்பவன் காதுக்குள் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம். பெரிய பெரிய டிரம்மர்களெல்லாம் அதைப் போட்டுக்கொண்டுதான் வாசிக்கிறார்கள்.

“எனக்கு எதுக்குங்க அது?” என்றான் அந்தோணி. “உங்க க்ளிக்கு எப்பனா ரிப்பேர் ஆச்சினா சொல்லுங்க, நா வந்து சரி பண்ணித் தரேன்.”

பின்னாளில் இந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமென்றால் அவன் ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸைக்கூடக் கொடுத்திருப்பான்.

முதலில் எடுத்த பாட்டு ‘லெவல் கிராசிங்’. வாசித்து முடித்ததும் மோகன்ராஜ் அதை ஸ்பீக்கரில் போட்டான். பாட்டு நடந்துகொண்டே தொடங்கியது. நடுவில் யாரோ துரத்துவதுபோல ஓடியது. கடைசியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தேவிட்டது. “எமோஷன் நல்லா இருக்கு ப்ரோ” என்றான் மோகன்ராஜ். சொல்ல வேறு ஒன்றும் இல்லாதபோது சொல்வதற்காகவே அவன் அதை வைத்திருக்கிறான் என்பது மூன்றாவது தடவை சொன்னபோது அந்தோணிக்குப் புரிந்தது.

ஏசியைக் குறைத்தார்கள். ஸ்டூலை மாற்றினார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். கடைசியில் வெட்கத்தை விட்டு அந்தோணியே க்ளிக் கேட்டான். அது இன்னும் மோசம். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் எல்லா டிரம்மையும் ஒரு சுற்று சுற்றி உருட்டுவது அவன் வழக்கம். ‘உருட்டல்’ என்று அதற்குச் செல்லப் பெயர். உருட்டி முடித்து அவன் வந்து சேரும்போது க்ளிக் அரை அடி தாண்டிப் போயிருந்தது. மறுபடி உருட்டினான், மறுபடி போயிருந்தது. க்ளிக்குக்கு இரக்கமே இல்லை.

திரும்பி வரும் ரயிலில் ஜெபா பேச்சை எடுத்தான். “மச்சான், தப்பா எடுத்துக்காத. அடுத்த வாட்டி டிரம்ஸ கம்ப்யூட்டர்ல போட்றலாம்னு மோகன்ராஜு சொல்றாரு. நியூ வேவ்ல பாதிப் பேரு மெஷின்தான்டா வெச்சினு இருந்தான்.”

“அப்ப நானு?”

ஜெபா யோசித்தான். “‘கம்பெனி பஸ்’ பாட்ல கைதட்டு வருதில்ல? அத நீ தட்டு.”

கோபால் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். சுகிர்தா, “அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடுக்கலாம், ஜெபாண்ணா. அதுக்குள்ள சரி ஆயிட்டா அந்தோணிண்ணாவே வாசிக்கட்டும். ஆவலன்னா கம்ப்யூட்டரு” என்றாள். அப்படியே முடிவானது. தன் முதல் ஆல்பத்தில் தான் இருப்போமா, இல்லை கைதட்டுவோமா என்ற கவலையோடு அந்தோணி பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

வீட்டில் கிரேஸ் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். “ஏம்மா, எனுக்கு தாளம் வராதா?” என்று கேட்டான்.

மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கிறிஸ்துமஸ் பூசைல நீ வாசிக்கும்போது ஃபாதர் பீடத்துலேர்ந்து கைதட்ட ஆரம்பிச்சாரே, எதுக்குனு நெனச்ச?”

“சந்தோசத்துலனு நெனச்சேன்.”

“உன்ன புடிச்சி நிறுத்த தட்டுனாரு. சபையே தட்டுச்சி. சட்னி வேணுமா?”

தோசை தொண்டையில் நின்றது. தனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு ஒரு தேவாலயம் முழுக்கச் சேர்ந்து தன்னைக் காப்பாற்றியதுதான் என்று தெரிந்தால் யாருக்குத்தான் இறங்கும்?

மறுநாள் சாயங்காலம் குடோனில் கூடினார்கள். அந்தோணி பயந்துகொண்டே குச்சியைத் தூக்கினான். ‘லெவல் கிராசிங்’ ஆரம்பித்தார்கள். அட, கச்சிதமாக நின்றது. இன்னொரு தடவை வாசித்தார்கள். மணியாக நின்றது. ஜெபா கிட்டாரை விட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டான். “அங்க ஏன்டா அப்டி வாசிச்ச?”

“அங்க ஏசி” என்றான் அந்தோணி, நிமிர்ந்து உட்கார்ந்து.

மூன்றாம் தடவை பாதியில் தாளம் ஓட ஆரம்பித்தது. எல்லாரும் பின்னாலேயே ஓடினார்கள். சுகிர்தா மட்டும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். “நிறுத்துங்க. அந்தாண்ட சத்தம் நின்னுட்ச்சி.”

பிரஸ் ஷாப்பில் டீ டைம். அமைதியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ‘தட்’ கேட்டது. “இப்ப வாசிண்ணா” என்றாள். வாசித்தான். கச்சிதமாக நின்றது. ஜெபா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். கோபால் அந்த மாதத்தில் பேசிய ஒரே வாக்கியத்தை அப்போது பேசினான்.

“ரெண்டு வருசமா செவுருதான் டிரம்மரா?”

அந்தோணி வெளியே வந்து பைக் அருகே நின்றான். மஞ்சள் ஸ்டிக்கர் தெரு விளக்கில் பளபளவென்று இருந்தது. அதைப் பார்க்க அவனுக்கு அழுகை வந்தது. பிறகு சிரிப்பும் வந்தது. ரெண்டும் சேர்ந்து வந்து விக்கலில் போய் முடிந்தது.

இருந்தாலும் அவன் விடுகிற ஆள் இல்லை. மறுநாள் தனியாக வந்தான். மெஷின் சத்தத்தை போனில் பதிவு செய்துகொண்டு போய் ஸ்டுடியோவில் காதில் மாட்டிக்கொண்டால் போயிற்று என்று திட்டம். போனைச் சுவரோரம் வைத்துவிட்டு, சும்மா இருக்க முடியாமல் டிரம்ஸில் உட்கார்ந்து ‘லெவல் கிராசிங்’ வாசித்தான். சரண முடிவு வந்தது. போகிற போக்கில் ஆசைக்கு ஒரு உருட்டு உருட்டினான். வழக்கம்போல அரை அடி தாமதமாகத்தான் வந்து சேர்ந்தான்.

‘தட்’டும் அரை அடி தாமதமாக வந்தது.

குச்சி அந்தரத்தில் நின்றது. மறுபடியும் வாசித்து, இந்தத் தடவை வேண்டுமென்றே இழுத்து உருட்டினான். சுவர் சத்தமில்லாமல் இருந்தது. அவன் உருட்டி முடித்து இறங்கிய அதே நொடியில் ‘தட்’ என்றது. மெஷின் எங்கேயாவது காத்திருக்குமா? அவன் ஓட்டுகிற ஃபோர்க்லிஃப்ட் ஒருநாளும் அவனுக்காகக் காத்திருந்ததில்லை. அந்தப் பக்கம் இருப்பது மெஷின் மட்டுமில்லை, பெடலை மிதித்து அதை இறக்குகிற ஒரு கால் என்று அப்போதுதான் அவன் மண்டையில் உறைத்தது.

டீ டைமில் பிரஸ் ஷாப் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் போய் நின்றான். நீலக் கோட்டு போட்ட பெண்கள் கூட்டமாக வந்தார்கள். “செவுத்தோர மெஷின்ல யாருங்க?” என்று கேட்டான். ஒருத்தி காதிலிருந்து பஞ்சை எடுத்தபடி திரும்பினாள். நாற்பது வயதிருக்கும். கல்பனா, பொன்னேரிப் பக்கத்து ஊர், காலையில் வீட்டு நெல் வயலைப் பார்த்துவிட்டு மத்தியானம் கம்பெனி பஸ்ஸில் வருகிறவள்.

“அக்கா, நா பக்கத்து குடோன்ல டிரம்ஸ் வாசிக்கிறவன்.”

“நீதானா அது?” கல்பனா அவனை மேலும் கீழும் பார்த்தாள். “இன்னும் பெரிய ஆளா இருப்பனு நெனச்சேன்.”

“நீங்க என் தாளத்துக்காக்கா மிதிக்கிறீங்க?”

“உன் தாளத்துக்கா?” டீ கிளாஸைக் கீழே வைத்தேவிட்டாள். “உன் தாளத்துக்கு மிதிச்சிருந்தா இந்நேரம் நா கைய உட்டிருப்பேன் தம்பி. நீ இன்னா நெலையா வாசிக்கிறியா? மூணாவது பாட்ல எப்ப பாத்தாலும் ஓட்டம் புடிப்ப. நாந்தான் இழுத்துப் புடிச்சி நிறுத்துவேன்.”

“அப்ப அந்த உருட்டல்ல…”

“அது வேற. நீ ஊரெல்லாம் சுத்தி உருட்டிக்கினு வருவியே, வந்து சேரட்டும்னு கால தூக்கி வெச்சிக்கினே இருப்பேன். பாவமா இருக்கும்.”

பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். அந்தோணியும் வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டான். சிரிப்பு அடங்கியதும் கல்பனா தன் ரெண்டு கையையும் விரித்துக் காட்டினாள். “என் பக்கத்து மெஷின்ல ஒரு பொண்ணு இருந்துச்சி. பொழுது சாயுற நேரத்துல லேசா கண்ண மூடுச்சி, ரெண்டு வெரலு போயிட்ச்சி. அதுக்கப்புறம் எனுக்கு அந்த நேரம் வந்தாலே ஒதறும். அப்பதான் நீங்க வந்து செவுத்துக்கு அந்தாண்ட போட்டு ஒடைக்க ஆரம்பிச்சீங்க. உன்ன நேரா நிறுத்தி வைக்கிறதுக்கு முழிச்சிக்கினே இருக்கணும்ல. தூக்கம் எங்க வரும்?”

அவள் பத்து விரலையும் அந்தோணி பார்த்தான். தன் மோசமான தாளம் யாருக்கோ உபயோகமாக இருந்திருக்கிறது என்பதில் அவனுக்கு எந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பேசாமல் போய்விடலாம், ஞாயிற்றுக்கிழமை நன்றாகக் கைதட்டிவிட்டு ஆல்பம் அட்டையில் போட்டோவுக்குச் சிரிக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த யோசனை அவனுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் டிரம்ஸ் முன்னால் உட்கார வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

“அக்கா, ஒரு ஒதவி. டிரம்ஸ்லயும் காலால மிதிக்கிறது ஒண்ணு இருக்குது. ஞாயித்துக்கெழம ஸ்டுடியோவுக்கு நீங்க வந்து மிதிக்கணும். நீங்க இல்லாம எனுக்கு வராது.”

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு வேர்த்துவிட்டது. கல்பனா டீயை முடித்தாள். வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும், வயலுக்கு மடை திருப்ப ஆள் வைக்க வேண்டும், சாயங்காலம் பால் கறக்கத் திரும்பிவிட வேண்டும் என்று வரிசையாக யோசித்தாள். பிறகு, “வரேன். ஆனா அந்த உருட்டல உட்டுரு” என்றாள்.

“அக்கா, அது என் ஸ்டைலு.”

“அப்ப நா வர்ல.”

“உட்டுர்றேன்கா.”

ஞாயிற்றுக்கிழமை கல்பனா கோயிலுக்குப் போகிற பட்டுப்புடவையில் வந்தாள். ரயிலில் நாலு பேருக்கும் அவள் கட்டிக்கொண்டு வந்த புளிசாதம் இருந்தது. ஜெபா தனியாக இழுத்து, “டேய், இது வொர்க் ஆவுமாடா?” என்று கேட்டான். அந்தோணிக்கும் தெரியாது. ஆகாவிட்டால் கம்ப்யூட்டர்; அதோடு பட்டுப்புடவை கட்டி வந்த ஒரு அக்காவிடம் அவமானமும் சேரும்.

மோகன்ராஜ் விஷயத்தைக் கேட்டுவிட்டு ரெண்டு தடவை கண்ணைச் சிமிட்டினான். பிறகு பெரிய டிரம்மை மட்டும் தனியாகப் பிரித்துக் கல்பனாவின் நாற்காலிக்கு முன்னால் வைத்து, அந்தோணியை அதற்கு எதிரே, சுவர் மாதிரி ஒரு தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்தான். கல்பனா செருப்பைக் கழற்றிவிட்டு பெடலை மிதித்துப் பார்த்தாள். “மெத்துனு இருக்குது. இதுல வெரலு போவாதில்ல?” என்றாள். போகாது என்றான் மோகன்ராஜ். “அப்ப நல்லா மிதிக்கலாம்” என்று புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லாரும் அந்தோணியைப் பார்த்தார்கள். பாட்டைத் தொடங்குவதற்குமுன் குச்சிகளைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டி, ‘ஒன் டூ த்ரீ ஃபோர்’ எண்ணுவது டிரம்மரின் உரிமை. ரெண்டு வருஷமாக அவன் மிகவும் ரசித்துச் செய்கிற காரியம் அது. குச்சியைத் தூக்கினான்.

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “தம்பி, நீ எண்ணாத. நா மிதிக்கிறேன், நீ வந்து சேந்துக்கோ.”

அந்தோணி குச்சியை இறக்கினான். தட். தட். தட். தட். அவன் போய்ச் சேர்ந்துகொண்டான். பேஸ் வந்தது, கீபோர்டு வந்தது, ஜலதோஷம் வந்தது. மூன்றாவது பாட்டில் அவன் கை ஓடப் பார்த்தது, கால் அசையவில்லை, கை வெட்கப்பட்டுத் திரும்பியது. சரண முடிவுகளில் உருட்டல் இருந்த இடத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அந்த வெற்றிடத்தில் கல்பனாவின் ஒரே ஒரு மிதி விழுந்தபோது, இத்தனை நாளும் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான் என்று அவனுக்கே தெரிந்தது. கொஞ்சம் வலித்தது, ஆனாலும் அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் தாளத்தில் இருந்தான்.

எட்டுப் பாட்டும் முடிந்தபோது வெயில் இன்னும் இருந்தது. மோகன்ராஜ் எமோஷனைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. “இன்னொரு தடவ போட்டுக் கேக்கவா?” என்று மட்டும் கேட்டான்.

‘கேட் பாஸ்’ இணையத்தில் வெளியானது. பெயர்ப் பட்டியலில் டிரம்ஸ் என்ற இடத்தில் ‘கால்: கல்பனா, கை: அந்தோணி’ என்று சுகிர்தா போட்டாள்; போனில் பாட்டு கேட்பவர்கள் அதையெல்லாம் திறந்து பார்ப்பதில்லை. பிரஸ் ஷாப் பெண்கள் டீ டைமில் சத்தமாகப் போட்டுக் கேட்டார்கள். வாட்ச்மேன் கேட்டுவிட்டு, பாடுகிற பையனுக்கு மிளகு ரசம் கொடுக்கச் சொன்னார்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அந்தோணி ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்தபடி பாட்டுக்குக் கீழே வந்திருந்த கருத்துகளைப் படித்தான். மொத்தம் கொஞ்சம்தான், பாதி சுகிர்தாவின் சொந்தக்காரர்கள். கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து முன்பின் தெரியாத யாரோ எழுதியிருந்தார்: ‘டிரம்ஸ் வேற லெவல். அந்த பீட் கடிகாரம் மாதிரி நிக்குது. இது கம்ப்யூட்டரா, நிஜமாவே ஆள் வாசிச்சதா?’

கடிகாரம். ரெண்டு வருஷமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவன் ஏங்கிக் காத்திருந்த வார்த்தை, தானாக வந்து போனில் உட்கார்ந்திருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது, அதுவும் தாளம் தப்பித்தான் அடித்தது. ‘நன்றி ப்ரோ’ என்று அடித்தான். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அழித்தான்.

‘ஆளுதான் ப்ரோ’ என்று அடித்தான். பிறகு சேர்த்தான்: ‘ஆனா நா இல்ல.’

அனுப்பிவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியை ஸ்டார்ட் செய்தான்.